மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்

1924-ஆம் ஆண்டு ஜனவரி 12. ஏரவாடா சிறையில் ஆறாண்டுத் தண்டனை அனுபவித்து வந்த மகாத்மா காந்தி, குடல்வால் அழற்சியால் பூனா சாசூன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். அன்றிரவே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். அந்நேரத்தில் தம் அருகே இருக்க அவர் அழைத்தவர்களுள் ஒருவர், ஒத்துழையாமை இயக்கத்தை வெளிப்படையாக எதிர்த்து வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார்.

வலங்கைமானில், ஏழைப் புரோகிதர் குடும்பத்தில், 1869 செப்டம்பர் 22-இல் பிறந்தவர் சாஸ்திரியார். காந்திஜிக்குப் பத்தே நாள் மூத்தவர். அந்தப் பத்து நாளை மறவாமல் காந்திஜி அவரை அண்ணனாகவே பாவித்தார். கும்பகோணத்தில் பயின்று, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியராகப் புகழ்பெற்றார். 1907-இல் அப்பதவியின் வசதியைத் துறந்து, கோகலே பூனாவில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915-இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார்.

ரௌலட் மசோதாவைச் சட்டசபையில் கடுமையாக எதிர்த்தவர் அவர். எனினும் சட்டமறுப்பில் அவருக்கு உடன்பாடில்லை. அதனால் மக்களின் ஏச்சுக்கும் ஆளானார். காந்திஜி இதை அறியாதவரல்லர். ஆயினும் சிகிச்சைக்குத் தாம் மனமுவந்து சம்மதிப்பதாகவும், மருத்துவர்களிடம் தமக்கு முழு நம்பிக்கை உண்டென்றும் கூறும் அறிக்கையை எழுதும் பொறுப்பு சாஸ்திரியாரிடமே வந்தது. சிகிச்சை தவறினால் நாடு கொந்தளிக்கும், பழி ஆங்கிலேய மருத்துவர் மீது விழும் என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர். படித்துக் காட்டப்பட்டதும், நடுங்கும் கையால் காந்திஜி கையொப்பமிட்டார். கர்னல் மாடக் கத்தியை எடுத்தார். நடுவில் மின்விளக்கு அணைந்தது. அரிக்கேன் விளக்கொளியில் சிகிச்சை முடிந்தது. பிப்ரவரி 5-இல் அரசு காந்திஜியை விடுதலை செய்தது.

ஜெனீவா, வாஷிங்டன், கனடா, ஆஸ்திரேலியா என்று சாஸ்திரியார் இந்தியாவின் பிரதிநிதியாகச் சென்ற இடங்கள் பல. அவற்றுள் பெரிதாகச் சொல்லத்தக்கது தென்னாப்பிரிக்கப் பணி. 1927-இல் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக அங்கு செல்லுமாறு வற்புறுத்தியவர்களுள் காந்திஜியும் ஒருவர். இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வாய்ப்பு அரிதாயிருந்த டர்பனில், நிதி திரட்டி அவர் எழுப்பிய சாஸ்திரி கல்லூரி 1929-இல் திறக்கப்பட்டது.

பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். 1944-இல் சென்னையில் வால்மீகி ராமாயணம் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். 1946 ஜனவரியில் சென்னை மருத்துவமனையில் அவர் நோயுற்றுக் கிடந்தபோது, இம்முறை காந்திஜி அவரது கட்டிலருகே வந்தமர்ந்தார். ஏப்ரல் 17-இல் சாஸ்திரியார் மறைந்தார்.