கான்சாபுரமும் கான்சாகிபும்

ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சீமையிலே கான்சாபுரம் என்றோர் ஊர். நாள்தோறும் அந்தப் பெயரைச் சொல்லிப் பஸ் ஏறுகிறவர்களில் எத்தனை பேர், அதற்குள் ஒரு தூக்குக் கயிறு தொங்குவதை அறிவர்? கான்சாகிபு என்ற பெயர் மக்கள் வாயில் தேய்ந்து கான்சா ஆயிற்று. மதுரையிலே கான்சா மேட்டுத் தெரு, இங்கே கான்சாபுரம்.

அவனைப் பற்றிப் பேச்செடுத்தால் தோழர்களிடையே இரண்டு கட்சி உண்டு. வெள்ளையனை எதிர்த்த மாவீரன் என்பார் ஒரு சாரார். புலித்தேவனை ஒடுக்கிய துரோகி என்பார் மறுசாரார். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. பாதியை மூடிவைத்து மீதியை மட்டும் மேடையில் முழங்குவது நமக்கு ஒவ்வாது.

1725 வாக்கில் இராமநாதபுரம் சீமைப் பனையூரில் பிறந்தவன். பெயர் மருதநாயகம். இளமையிலே ஊரைவிட்டு வெளியேறி, இஸ்லாத்தைத் தழுவி, யூசுப்கான் ஆனான். எந்தச் சாதியில் பிறந்தான் என்று இன்றைக்கும் சிலர் வழக்காடுகிறார்கள். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். அவன் வாளைப் பிடித்தபோது யாரும் அதைக் கேட்கவில்லை.

1752இல் கிளைவின் படைக்கு வந்தான். திருச்சி முற்றுகையின்போது கம்பெனிப் படைக்குச் சோறும் மருந்தும் வந்த வழிகளைக் காத்தவன் அவன். லாரன்ஸ் தளபதி அவனை வாயாரப் புகழ்ந்தான். கம்பெனி தங்கப் பதக்கம் சூட்டியது. பிரெஞ்சுக்காரன் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, வெளியே இருந்து அவனை உறங்கவிடாமல் அடித்ததும் இந்த யூசுப்கான்தான். நம் ஆலைத் தோழர்களுக்குப் புரியும்படி சொன்னால், முதலாளி வீட்டுக் கங்காணி. திறமையான கங்காணி.

அந்தக் கங்காணி வேலையின் கொடிய பக்கத்தை நம் தெற்குச் சீமை கண்டது. 1755இல் கர்னல் ஹெரான் வந்து, நெற்கட்டும்செவலை அசைக்க முடியாமல் திரும்பினான். புலித்தேவன் கப்பம் கட்ட மறுத்து நிமிர்ந்து நின்றான். அடுத்து அந்த வேலை யூசுப்கான் கைக்கு வந்தது. வாசுதேவநல்லூரில் ஒருமுறை அடிபட்டுப் பின்வாங்கினான். விடவில்லை. 1761இல் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் வீழ்ந்தன. கம்பெனியின் பீரங்கியைக் கொண்டு, கம்பெனிக்காக, ஒரு தமிழனை இன்னொரு தமிழன் வீழ்த்தினான். இதை எந்த மாலை போட்டு மறைப்பது?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1759 முதல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய்க் குத்தகையில் அவன் கையில் இருந்தன. குத்தகைக்காரன் என்றால் உறிஞ்சிவிட்டு ஓடுகிறவன் என்பதே அந்நாள் வழக்கம். இவன் குளங்களைச் செப்பனிட்டான், கொள்ளையை அடக்கினான், மீனாட்சி கோயிலுக்கு உரியதைக் கோயிலுக்கே திருப்பினான். மதம் மாறியவன் செய்த காரியம் இது என்பதை, மதத்தைக் காட்டிச் சண்டை மூட்டுவோர் கவனிக்கட்டும். அவன் இறந்து இருபதாண்டுக்குப் பின் இந்தப் பக்கம் படை நடத்திய புல்லர்ட்டன் என்ற வெள்ளைக் கர்னலே, அவன் நீதியையும் சொல் தவறாமையையும் புகழ்ந்து எழுதினான்.

மக்களிடம் அவனுக்குச் செல்வாக்கு வளர, ஆற்காட்டு நவாபு முகமதலிக்கு வயிறு எரிந்தது. கம்பெனியிடம் கழுத்தளவு கடன் பட்டவன் நவாபு. தெற்குச் சீமையின் வருமானம் தன் கைக்கே வேண்டும் என்றான். யூசுப்கானோ ஏழு லட்சம் தருகிறேன், குத்தகையை நீட்டுங்கள் என்று கேட்டான். மறுத்தார்கள். கணக்குப் பார்க்கிற கம்பெனி அதிகப் பணத்தையும் ஏன் மறுத்தது? தன் காலில் நிற்கிற கங்காணி ஆபத்தானவன் என்று அதற்குத் தெரியும்.

1763இல் அவன் கம்பெனியை உதறினான். மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறிற்று. ஆனால் புதுச்சேரி 1761இலேயே வீழ்ந்துவிட்டது; 1763 பாரிசு உடன்படிக்கையால் பிரெஞ்சு அரசும் கையைக் கழுவிவிட்டது. மார்ச்சந்து என்பவனின் சிறு பிரெஞ்சுப் படை மட்டுமே துணை. முதல் முற்றுகை மழையோடு கலைந்தது. மறு ஆண்டு மேஜர் காம்பெல் வந்தான். 1764 ஜூன் 26இல் மதிலேறப் பாய்ந்த வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தார்கள். இனிப் பீரங்கி பலிக்காது என்று கண்டு, சோற்றுக்கு வழியை அடைத்தார்கள். கோட்டைக்குள் பசி புகுந்தது. பசிக்குப் பின்னே துரோகம் புகுந்தது.

திவான் சீனிவாசராவ், வைத்தியன் பாபா சாகிபு, துணைக்கு வந்த அதே மார்ச்சந்து. அக்டோபர் 13இல், அவன் தொழுகையில் இருந்த நேரம் பார்த்துப் பிடித்துக் கட்டினார்கள். கம்பெனி தன் கையில் கறை படாமல் நவாபிடம் ஒப்படைத்தது. 15ஆம் நாள் சம்மட்டிபுரத்தருகே தூக்கிலிட்டார்கள். கயிறு இருமுறை அறுந்தது என்றும், உடலைத் துண்டாக்கி ஊர் ஊராய் அனுப்பினார்கள் என்றும் மக்கள் சொல்வார்கள். செத்தவனுக்கே நவாபு அஞ்சினான் என்பதற்கு அந்தப் பேச்சே போதும்.

கட்டபொம்மன் தூக்கேறியது 1799இல். அதற்கு 35 ஆண்டு முந்தியது இது. கான்சாகிபு சண்டை என்று கதைப்பாடலாகவும் அவனைப் பாடினார்கள். 1997இல் சென்னையிலே அவன் கதையைப் படமாக்கத் தொடக்க விழா நடந்தது. விழாவுக்கு வந்திருந்த விருந்தாளி யார் தெரியுமா? இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்! அந்தப் படம் இன்னும் வெளிவரவில்லை. சம்மட்டிபுரத்தில் அவன் அடக்கத்தின்மேல் 1808இல் எழுப்பிய சிறு பள்ளிவாசல் நிற்கிறது.