ருடால்ஃப் ஃபுரோமர்

ருடால்ஃப் ஃபுரோமர் (ஆகஸ்ட் 4, 1868 - செப்டம்பர் 1, 1936) ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற சுடுகலன் வடிவமைப்பாளர் ஆவார். ஃபுரோமர் ஸ்டாப் என்னும் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி இவரது படைப்புகளுள் மிகவும் அறியப்பட்டது. இவரது வழிவந்த 37எம் கைத்துப்பாக்கி, இரண்டாம் உலகப் போரின்போது வேறு பெயரில் செருமானிய வான்படைக்கு வழங்கப்பட்டது.

வாழ்க்கை

ஃபுரோமர் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். இவர் பொறியியல் பயின்றவர் அல்லர். நிதித்துறைக் கல்வி பெற்றவர். 1896 இல் புடாபெஸ்டில் இயங்கிய ஆயுத, இயந்திரத் தொழிற்சாலையில் (சுருக்கமாக ஃபேக்) பணியில் சேர்ந்தார். 1891 இல் நிறுவப்பட்ட இத்தொழிற்சாலை, படையினருக்கான மான்லிஹர் துமுக்கிகளைத் தயாரித்து வந்தது. அங்கு நிருவாகப் பணியோடு சுடுகலன் வடிவமைப்பிலும் ஈடுபட்ட ஃபுரோமர், தம் பணிக்காலம் முழுவதையும் அந்நிறுவனத்திலேயே கழித்து 1935 இல் ஓய்வு பெற்றார். அதற்கு அடுத்த ஆண்டு காலமானார்.

ஃபுரோமர் ஸ்டாப்

1901, 1906, 1910 ஆம் ஆண்டு மாதிரிகளுக்குப் பின்னர் உருவானதே ஸ்டாப் கைத்துப்பாக்கி. 7.65 மி.மீ. தோட்டாவைப் பயன்படுத்தும் இது, ஹங்கேரியின் ஹொன்வேத் படையில் 12எம் என்னும் பெயரில் ஏற்கப்பட்டு, முதலாம் உலகப் போரில் பரவலாகப் பயன்பட்டது.

இது நெடும் பின்னுதைப்பு முறையில் இயங்குவது. சுட்டவுடன் குழலும் பூட்டும் ஒன்றாகப் பிணைந்தபடியே பின்னோக்கி நகரும். நகர்வின் முடிவில் பூட்டு சுழன்று விடுபட்டுப் பின்னே நிற்கும். குழல் மட்டும் முன்னே திரும்பும்போது வெற்றுறை வெளியேறும். பின்னர் பூட்டு முன்வந்து புதிய தோட்டாவை ஏற்றும். இதற்காகக் குழலுக்கு மேலே இரண்டு சுருள்விற்கள் அமைக்கப்பட்டன. இம்முறை வலிமை வாய்ந்த தோட்டாக்களுக்கு ஏற்றது, 7.65 மி.மீ. தோட்டாவுக்கு இது தேவையற்ற சிக்கலாகவே அமைந்தது. இதன் உறுப்புகளைச் செய்வதும் எளிதாக இருக்கவில்லை.

29எம், 37எம்

இச்சிக்கலைப் பின்னர் ஃபுரோமரே கைவிட்டார். 1929 இல் ஏற்கப்பட்ட 29எம் கைத்துப்பாக்கியில் குழல் அசையாது நிலைத்திருக்க, மேலுள்ள நழுவி மட்டுமே பின்னோக்கி நகரும். இது 9 மி.மீ. குறுந்தோட்டாவைப் பயன்படுத்தியது. இதனை மேலும் எளிமையாக்கியதால் 37எம் உருவானது. 1937 இல் படை இதனை ஏற்றபோது ஃபுரோமர் உயிருடன் இல்லை.

பெயர் மாற்றம்

இரண்டாம் உலகப் போரில் கைத்துப்பாக்கிப் பற்றாக்குறையைச் சந்தித்த செருமனி, தன் வான்படைக்காக 37எம் கைத்துப்பாக்கிகளை வாங்கியது. ஹங்கேரியப் படைக்கான மாதிரியில் கைப்பிடியை அழுத்தினால் விடுபடும் காப்பு மட்டுமே இருந்தது. செருமானியர் கேட்டதற்கிணங்க, இடப்புறத்தில் விரலால் இயக்கும் காப்பு நெம்புகோல் ஒன்று சேர்க்கப்பட்டது. தோட்டாவும் 7.65 மி.மீ. அளவுக்கு மாற்றப்பட்டது.

பொறிப்பும் மாறியது. ஸ்டாப் கைத்துப்பாக்கியில் தொழிற்சாலையின் பெயரோடு ஃபுரோமரின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தது. ஹங்கேரியப் படைக்கான 37எம்மில் தொழிற்சாலையின் பெயர் மட்டுமே இருந்தது. செருமானியருக்காக 1941 முதல் ஜேஎச்வி என்னும் குறியீட்டுடன் செய்யப்பட்டவற்றில் அதுவும் இல்லை, பி. மாட். 37 என்ற மாதிரிப் பெயரும், புடாபெஸ்ட் தொழிற்சாலையைக் குறிக்கும் அம்மூன்றெழுத்தும், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களுமே காணப்பட்டன. செய்த இடத்தை எதிரி அறியாதிருக்க, போர்த் தளவாடங்களில் தொழிற்சாலைப் பெயருக்குப் பதிலாகக் குறியீடு இடுவது அப்போது செருமனியின் வழக்கமாக இருந்தது. இதனால் அக்கைத்துப்பாக்கியை ஏந்திய வான்படையினருக்கு, அதை உருவாக்கியவரையோ அது செய்யப்பட்ட நகரையோ அறிய வழி இருக்கவில்லை.

பிற்காலம்

பிறர் பெயரில் விற்பனையாகும் நிலை போருக்குப் பின்னும் ஹங்கேரியக் கைத்துப்பாக்கிகளுக்குத் தொடர்ந்தது. எகிப்துக்காகச் செய்யப்பட்ட டோக்காஜிப்ட் 58 கைத்துப்பாக்கிகளுள் ஒரு பகுதி, மேற்கு செருமனியில் ஃபயர்பேர்ட் என்னும் பெயரில் விற்கப்பட்டது. ஃபுரோமரின் பெயரோ, சிக்கலான அமைப்பெனக் கைவிடப்பட்ட ஸ்டாப் கைத்துப்பாக்கியாலேயே இன்றும் அறியப்படுகிறது.