ட்சாவோவின் காவலர்

நுழையும்முன்

நிலத்தில் வாழும் உயிர்களுள் பேருருவம் கொண்டது ஆப்பிரிக்க யானை. அதனைக் காப்பதற்கு அன்பு மட்டும் போதாது. அதன் உணவு, உறவு, பிறப்பு, இறப்பு ஆகியவற்றைப் பற்றிய அறிவும் வேண்டும். கென்ய நாட்டின் வறண்ட நிலப்பகுதியில் அவ்வறிவைத் தேடியவாறே யானைகளைக் காத்த டேவிட் ஷெல்ட்ரிக்கின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமை

டேவிட் ஷெல்ட்ரிக் 1919ஆம் ஆண்டு எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். அவர் குழந்தையாக இருந்தபோதே அக்குடும்பம் கென்யாவில் குடியேறியது. இங்கிலாந்தில் கல்வி பயின்ற அவர் மீண்டும் கென்யாவுக்குத் திரும்பினார். இரண்டாம் உலகப்போரில் அபிசீனியாவிலும் பர்மாவிலும் போரிட்டு, மேஜர் என்னும் பதவியை அடைந்தார். போர் முடிந்தபின், வேட்டைப் பயணம் வருவோருக்கு வழிகாட்டும் தொழிலை மேற்கொண்டார். விலங்குகளைத் துரத்தும் தொழிலில் பெற்ற காட்டறிவே பின்னாளில் அவற்றைக் காப்பதற்குத் துணைநின்றது.

வறண்ட நிலத்தில் ஒரு காப்பகம்

1948இல் ட்சாவோ தேசியப் பூங்கா நிறுவப்பெற்றது. நைரோபிக்கும் மொம்பாசாவுக்கும் இடையே செல்லும் இருப்புப்பாதை அதனைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரித்தது. கிழக்குப் பகுதியின் பொறுப்பு ஷெல்ட்ரிக்கிடம் வந்தது. ஏறத்தாழ 13,700 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அந்நிலம் முட்புதர் மண்டியது, மழை குறைந்தது. அங்கு அவர் சாலைகள் அமைத்தார், காவலர்களைப் பயிற்றுவித்தார். 1952இல் வோய் ஆற்றின் குறுக்கே அருபா அணை கட்டப்பட்டது.

வேட்டையாடியவரின் வாழ்வு

தந்தத்திற்காக யானைகள் கொல்லப்படுவதைத் தடுப்பதே அவர்முன் நின்ற முதற்பணி. வாலியாங்குலு என்னும் பழங்குடியினர், மரத்திலிருந்து காய்ச்சி எடுத்த நஞ்சினை அம்பில் தடவி யானைகளை வீழ்த்துவதில் வல்லவர்கள். 1950களின் நடுப்பகுதியில் ஷெல்ட்ரிக்கும் அவர்தம் துணைவர்களும் மேற்கொண்ட கடும் நடவடிக்கையால் கள்ளவேட்டை பெரிதும் ஒடுங்கியது.

ஆயினும், வாலியாங்குலு மக்களுக்கு யானைவேட்டை வழிவழியாக வந்த வாழ்க்கை. பூங்காவின் எல்லை வரையப்பட்டபின் அவ்வாழ்க்கையே குற்றமாயிற்று. அவர்களுக்கெனப் பூங்காவையடுத்த கலானா பகுதியில் 1960இல் தொடங்கப்பெற்ற முறைப்படுத்திய வேட்டைத் திட்டமும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. விலங்கைக் காக்கும்போது அதனைச் சார்ந்து வாழ்ந்த மனிதரை எவ்வாறு காப்பது என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

உற்றுநோக்கிய கண்கள்

ஷெல்ட்ரிக் தாம் கண்டவற்றைத் தொடர்ந்து பதிவு செய்தார். இறந்த யானையின் தந்தங்களை மற்ற யானைகள் பிடுங்கிச் சென்று உடைப்பதை அவர் குறித்துவைத்தார். வறண்ட ஆற்று மணலில் யானைகள் தோண்டும் ஊற்றுகள் பிற விலங்குகளின் தாகத்தையும் தீர்த்தன. யானைகள் மரங்களைச் சாய்த்த இடங்களில் புல் வளர்ந்தது; வரிக்குதிரை முதலிய மேய்ச்சல் விலங்குகள் பெருகின.

1960இல் ஷெல்ட்ரிக் டாப்னியை மணந்தார். தாயை இழந்த கன்றுகளை இருவரும் வளர்த்தனர். எலினோர் என்னும் பிடி, பின்னர் வந்த கன்றுகளுக்குத் தாய்போல் விளங்கியது. பால்குடி மாறாத கன்றுகளோ பிழைக்கவில்லை. பசும்பாலின் கொழுப்பு அவற்றுக்குச் செரிக்கவில்லை. பல ஆண்டு முயற்சிக்குப்பின் தேங்காயெண்ணெய் கலந்த பாலூட்டம் பயன்தருவதை டாப்னி கண்டறிந்தார். அவ்வாறு வளர்ந்த ஆயிஷா என்னும் கன்று, டாப்னி சில நாள் வெளியூர் சென்றபோது பிரிவாற்றாமல் உணவை மறுத்து இறந்தது. கன்று ஒருவரிடம் மட்டும் பற்றுக்கொள்ளாதவாறு பலர் மாறிமாறிப் பேணவேண்டும் என்னும் பாடத்தை அவ்விறப்பு கற்பித்தது.

தெரிந்து தெளிவோம்

ஆப்பிரிக்க யானைகளுள் களிறு, பிடி இரண்டிற்கும் தந்தம் உண்டு. கருவுற்ற பிடி ஏறத்தாழ 22 மாதங்கள் கன்றைச் சுமக்கும். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் மாறிமாறி முளைக்கும். கீழ்த்தாடைப் பற்களைக்கொண்டு யானையின் அகவையைக் கணிக்கும் முறையை ரிச்சர்டு லாஸ் வகுத்தளித்தார்.

இரு கருத்துகள்

1960களில் ட்சாவோவையும் அதனைச் சூழ்ந்த நிலத்தையும் சேர்த்து ஏறத்தாழ 35,000 யானைகள் வாழ்ந்தன. பொந்தன்புளி உள்ளிட்ட மரங்கள் விரைந்து அழிந்தன. ஆய்வுத்திட்டத்திற்குத் தலைமையேற்ற உயிரியலாளர் ரிச்சர்டு லாஸ், யானைகளின் எண்ணிக்கையைக் குறைக்காவிடில் காடும் அழியும், யானைகளும் பட்டினியால் மடியும் என்று கருதினார். ஆயிரக்கணக்கான யானைகளைச் சுட்டு ஆராயவேண்டும் என்றும் பரிந்துரைத்தார். ஷெல்ட்ரிக் அதனை ஏற்கவில்லை. காடு புல்வெளியாவதும் புல்வெளி மீண்டும் காடாவதும் இயற்கையின் சுழற்சி. அதில் மனிதன் தலையிடலாகாது என்பது அவர் நிலைப்பாடு. 1968இல் லாஸ் பதவி விலகினார்.

அடுத்து வந்த கொடிய வறட்சியில், 1970, 1971ஆம் ஆண்டுகளில், ஏறத்தாழ 6,000 யானைகள் மடிந்தன. அவற்றுள் பெரும்பாலானவை பிடிகளும் கன்றுகளும் ஆகும். அவற்றைக் கொன்றது தாகமன்று, பசியே. நீர்நிலையைச் சுற்றியிருந்த தழையும் புல்லும் தீர்ந்துவிட்டன. களிறுகள் தொலைவு சென்று மேய்ந்து திரும்பின. கன்றுகளால் அவ்வளவு தொலைவு நடக்க இயலவில்லை. அவற்றைப் பிரியாத பிடிகளும் உடன் மடிந்தன. தம் முடிவின் விலையை ஷெல்ட்ரிக் கண்ணெதிரே கண்டார். எனினும் அம்முடிவிலிருந்து மாறவில்லை.

மழை திரும்பியது, புதர்களும் இளமரங்களும் மெல்லத் தழைத்தன. ஆனால் அதே காலத்தில் தந்தத்தின் விலை உயர, துப்பாக்கி ஏந்திய கள்ளவேட்டையர் புகுந்து யானைகளைக் கொன்று குவித்தனர். காடு தழைத்தது இயற்கைச் சுழற்சியாலா, யானைகள் குறைந்தமையாலா என்பதைப் பிரித்தறிவது அதனால் அரிதாயிற்று.

மறைவும் தொடர்ச்சியும்

1976இல் ஷெல்ட்ரிக் நைரோபிக்குப் பணிமாற்றம் செய்யப்பட்டார். 1977 மே மாதம் கென்ய அரசு வேட்டையை முற்றிலும் தடைசெய்தது. அடுத்த மாதமே, தம் 57ஆம் அகவையில், அவர் மாரடைப்பால் மறைந்தார். 1988இல் எண்ணியபோது ட்சாவோ பகுதியில் எஞ்சியிருந்த யானைகள் 6,000க்கும் குறைவு. மறு ஆண்டு கென்ய அரசு 12 டன் தந்தத்தைத் தீயிட்டது. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்யவும் முடிவு செய்யப்பட்டது.

டாப்னி தம் கணவர் பெயரால் நிறுவிய அறக்கட்டளை, நைரோபியில் அனாதைக் கன்றுகளை வளர்த்து வருகிறது. வளர்ந்த கன்றுகள் ட்சாவோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மெல்ல மெல்லக் காட்டு மந்தைகளோடு கலக்கின்றன. அவற்றுள் பல பிடிகள் காட்டிலேயே கன்று ஈன்று, அக்கன்றுகளைத் தம்மை வளர்த்த காவலர்களிடம் அழைத்துவந்து காட்டியுள்ளன.

கற்பவை கற்றபின்

1. ஷெல்ட்ரிக், லாஸ் ஆகிய இருவர் கருத்துகளுள் உமக்கு ஏற்புடையது எது? காரணங்களுடன் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
2. காப்பகங்களின் எல்லையில் வாழும் பழங்குடியினரின் வாழ்வுரிமை குறித்து ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.