அறிந்தோரை அறிந்த தலைவர் ஜாம்ஷெட்ஜி டாட்டா

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து காலனிகளில் குடியேறிய நம்மிடையே மாலைப் பொழுதுகளில் அடிக்கடி எழும் வாதம் ஒன்றுண்டு. இயந்திர நுட்பம் கல்லாத ஒருவர் எஞ்சினியர்களுக்குத் தலைமை தாங்கத் தகுமா என்பதே அது. தகாது என்பார் சிலர். தலைமைக்கு வேண்டுவது ஆளுந்திறன் ஒன்றே என்பார் வேறு சிலர். இவ்விரு கட்சியாரும் சிந்திக்கத்தக்க ஒரு பெரியாரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஜாம்ஷெட்ஜி நஸர்வான்ஜி டாட்டா 1839-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் குஜராத்திலுள்ள நவஸாரியில், பார்ஸி குருமார் மரபில் தோன்றினார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1858-இல் தேறித் தந்தையாரின் வாணிபத்தில் சேர்ந்தார். எஞ்சினியரிங் கல்வி அவர் பெற்றாரல்லர். 1868-இல் 21,000 ரூபாய் முதலுடன் தனி வாணிபம் தொடங்கினார். மறு ஆண்டு, நொடித்துப் போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கி நூற்பாலையாக மாற்றி, ஈராண்டுகளில் நல்ல லாபத்துக்கு விற்றார்.

பிறராயின் அவ்வூதியத்தோடு அமைந்திருப்பர். அவரோ லங்காஷயர் சென்று, நூற்கும் தொழிலை நேரிற்கண்டு ஆராய்ந்தார். பின்னரே, பருத்தி விளையும் வட்டாரத்தை நாடி நாகபுரியில் எம்ப்ரஸ் ஆலையை நிறுவினார். 1877 ஜனவரி முதல் நாள் அது திறக்கப்பெற்றது. அதன் நிர்வாகத்தை ரயில்வேயில் சரக்குப் பகுதியில் பணியாற்றிய பெஜோன்ஜி மேத்தாவிடம் ஒப்புவித்தார். மேத்தா நெசவுத் தொழிலறியாதவர். ஆனால் ஆளையும் பொருளையும் நடத்தும் வகையறிந்தவர். இயந்திரப் பொறுப்பை லங்காஷயரைச் சேர்ந்த ஜேம்ஸ் புரூக்ஸ்பி ஏற்றார்.

மலிவாக வாங்கிய முதல் இயந்திரங்கள் பயன் தரவில்லை. குறையை ஒப்புக்கொண்டு புதியன வாங்கினார் ஜாம்ஷெட்ஜி. அக்காலத்தில் லங்காஷயர் பெரிதும் நம்பியிருந்த பழைய நூற்பொறி, நூலை இழுத்து முறுக்கி, பின் நின்று சுற்றும். அமெரிக்கர் கண்ட வளையக் கதிரோ முறுக்குதலையும் சுற்றுதலையும் இடையறாது ஒருங்கே செய்யும். அதனை நாகபுரியில் சோதித்து, பயன் கண்டபின் பெருக்கினார். முடிவு அவருடையது, சோதனையோ தொழிலறிந்தவருடையது.

அவரும் இடறியதுண்டு. 1886-இல் பம்பாயை அடுத்த குர்லாவில் ஓர் ஆலையை மலிவாக வாங்கினார். இயந்திரங்கள் பழுதுற்றிருந்தமையால் பெருந்தொல்லை விளைந்தது. நாகபுரியிலிருந்து தேர்ந்த தொழிலறிஞரை வரவழைத்தே அதனை நிமிர்த்த வேண்டியதாயிற்று. விலையறிந்தவர் பொருளின் நிலையையும் அறிந்தாக வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுவதில்லை.

இரும்பின் கதை இன்னும் பெரிது. மத்திய மாகாணத்துச் சாந்தா மாவட்டத்து இரும்புக் கனிகளைப் பற்றிய ஜெர்மானிய நிபுணரின் அறிக்கையை 1882-இல் அவர் படித்தார். ஆவல் கொண்டும் அவசரப்பட்டாரல்லர். அருகிலிருந்த வரோரா நிலக்கரியை ஜெர்மனிக்கு அனுப்பிச் சோதிப்பித்தார். அது உலைக்கு உதவாதெனத் தெரிந்தது. சுரங்க விதிகளும் இடையூறாயின. இருபது ஆண்டுகள் அவ்வெண்ணத்தை உள்ளத்தில் வளர்த்து, 1902-இல் அறுபத்து மூன்று வயதில் அமெரிக்கா சென்றார். பிட்ஸ்பர்க்கில் ஜூலியன் கென்னடியைக் கண்டார். அவர் வழியாகச் சார்லஸ் பேஜ் பெரின் என்னும் எஞ்சினியரை அடைந்தார். ஆலை எழுமோ எழாதோ என்று தெரியுமுன்னரே ஆராய்ச்சிக்கான செலவைத் தாமே ஏற்றார். பெரின் அனுப்பிய வெல்டு என்னும் நிபுணர் 1903-இல் வந்து காடுமேடெல்லாம் தேடினார். மயூர்பஞ்சு மலைகளில் வளமிக்க இரும்புக் கனி உண்டென 1904-இல் தெரிவித்தவர் நம் நாட்டு நிலவியலறிஞர் பிரமதநாத போஸ்.

அவ்வாண்டு மே 19-ஆம் நாள் ஜெர்மனியில் ஜாம்ஷெட்ஜி காலமானார். உலை எரிவதை அவர் கண்டாரில்லை. மகன் தொராப்ஜி முதலியோர் அப்பணியைத் தொடர்ந்தனர். 1912 பிப்ரவரியில் சாக்சியில் முதல் எஃகு வார்க்கப்பெற்றது. 1919-இல் அவ்வூர் அவர் பெயரால் ஜாம்ஷெட்பூர் ஆயிற்று. நிபுணரைக் கடல் கடந்து தேடியவர், அத்தகையோர் இந்நாட்டிலேயே உருவாகவும் வழி தேடினார். அதற்கெனச் சொத்தில் பெரும்பகுதியை ஒதுக்கினார். அவர் மறைவுக்குப் பின் 1909-இல் பெங்களூரில் உருவான விஞ்ஞானக் கழகமே அதன் கனி.

நம் வாதத்துக்கு இனி விடை காண்போம். உலையைத் தாமே மூட்டத் தலைவர் அறிந்திருக்க வேண்டுவதில்லை. ஆனால் எவர் அறிந்தவர், எதனைக் கேட்க வேண்டும், எப்பொழுது காத்திருக்க வேண்டும் என்பவற்றை உணருமளவுக்கேனும் தொழிலைக் கற்றாக வேண்டும். தெரியாததைத் தெரியாதென ஒப்பும் பணிவும் வேண்டும். நம் காலனிப் பிள்ளைகளுள் சிலர் எஞ்சினியராவர். சிலர் அவர்களை நடத்தும் நிர்வாகிகளாவர். ஒருவரையொருவர் இகழாது மதித்துப் பணிபுரிய இவ்வரலாறு துணை நிற்குமாக!