ஐந்து மணித்தியாலங்களும் பதினேழு வருடங்களும்: கிறிஸ்தோவாவ் ஃபெரெய்ராவின் கதை

1633 ஒக்டோபர் 18ஆம் திகதி. யப்பானின் நாகசாக்கி நகரில் சில குழிகள் வெட்டப்பட்டிருந்தன. கைது செய்யப்பட்டிருந்த கத்தோலிக்கக் குருமாரை உடம்பு முழுவதும் கயிற்றால் இறுகக் கட்டி, அந்தக் குழிகளுக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். இரத்தம் தலையில் தேங்கிச் சீக்கிரமே உயிர் போய்விடாதபடி காதோரத்தில் சிறிய கீறல் போடப்பட்டது. மதத்தைக் கைவிடச் சம்மதம் என்றால் சைகை காட்டுவதற்காக ஒரு கை மட்டும் கட்டப்படாமல் விடப்பட்டது. ஏறக்குறைய ஐந்து மணித்தியாலங்களின் பின்னர் அவர்களில் ஒருவர் சம்மதம் தெரிவித்தார்.

அவர் சாதாரண குருவானவர் அல்லர். கிறிஸ்தோவாவ் ஃபெரெய்ரா என்ற அந்தப் போர்த்துக்கேயர் அப்போது யப்பானில் இயேசு சபையின் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். 20 வருடங்களுக்கு மேலாக அங்கு வாழ்ந்து, யப்பானிய மொழியைச் சரளமாகப் பேசியவர். தலைமையில் இருந்த ஒருவர் இப்படி மதத்தைக் கைவிட்டது அதுவே முதல் தடவை. செய்தி மக்காவுக்கும் கோவாவுக்கும் ரோமுக்கும் போய்ச் சேர்ந்தபோது ஐரோப்பியக் கத்தோலிக்க உலகம் அதிர்ந்துபோனது.

ஷூசாகு எண்டோ 1966இல் எழுதிய ‘மௌனம்’ என்ற நாவலையும், மார்ட்டின் ஸ்கோர்செசி 2016இல் அதனைத் திரைப்படமாக்கியதையும் அறிந்தவர்களுக்கு ஃபெரெய்ரா புதியவர் அல்லர். நானும் படத்தின் வழியாகவே அவரிடம் போனேன். ஆனால் வரலாற்றில் இருக்கும் ஃபெரெய்ரா என்னை இழுத்ததற்கு வேறொரு காரணம் உண்டு. ஊடகம் படித்த எனக்கு அவர் முதலில் ஒரு செய்தியாளராகவே தெரிந்தார். மற்றவர்கள் சித்திரவதையின் கீழ் எப்படி உறுதியாக நின்றார்கள் என்று வருடக்கணக்காக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவர், கடைசியில் தானே செய்தியானார்.

பரவியதும் பயந்ததும்

யப்பானுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுபோனவர் நமக்கு மிகவும் பழக்கமானவர். முத்துக்குளித்துறைப் பரதவர் மத்தியில் பணியாற்றிய அதே பிரான்சிஸ் சவேரியார்தான். 1544இல் மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களை யாழ்ப்பாண அரசன் கொன்றது சவேரியார் இந்தியாவில் இருந்த காலத்தில். அதற்கு ஐந்து வருடங்களின் பின்னர், 1549 ஓகஸ்ட் 15இல், அவர் யப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார்.

அன்றைய யப்பான் ஒரே அரசின் கீழ் இருக்கவில்லை. தைம்யோ எனப்படும் பிரபுக்கள் ஒருவரோடொருவர் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். மக்காவிலிருந்து சீனப் பட்டு ஏற்றிவரும் போர்த்துக்கேயக் கப்பல் தங்கள் துறைமுகத்துக்கு வரவேண்டும் என்பது அவர்களில் பலரது ஆசை. கப்பல் வந்தால் குருமாரும் வருவார்கள். 1563இல் ஒமுரா சுமிததா என்ற பிரபு திருமுழுக்குப் பெற்றார். 1580இல் நாகசாக்கித் துறைமுகத்தையே இயேசு சபையிடம் ஒப்படைத்தார். பிரபு மாறியபோது குடிமக்களும் மாறினார்கள். அதற்காக எல்லாமே வியாபாரம் என்று தள்ளிவிடவும் முடியாது. ஏழைகளையும் நோயாளிகளையும் பராமரிக்கும் பொதுநிலையினர் சங்கங்கள் ஊர்களில் வேரூன்றின. அந்த வேர் எவ்வளவு ஆழமானது என்பது பின்னர்தான் தெரியவந்தது.

நாடு ஒன்றுபடத் தொடங்கியதும் அதே கிறிஸ்தவம் ஆட்சியாளருக்குச் சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது. தூரதேசத்துப் பாப்பரசருக்குக் கட்டுப்பட்ட குடிமக்கள், போர்த்துக்கேய, ஸ்பானிய மன்னர்களின் ஆதரவோடு இயங்கும் குருமார், பக்கத்திலேயே ஸ்பெயின் பிடித்து வைத்திருக்கும் மணிலா ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்த ஹிதேயோஷி, 1587இல் குருமாரை வெளியேறும்படி கட்டளையிட்டார். 1597இல் நாகசாக்கியில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். அடுத்து வந்த தொகுகாவா ஆட்சி 1614இல் முழுத்தடை விதித்தது. அப்போது யப்பானில் சுமார் 3 இலட்சம் கிறிஸ்தவர்கள் இருந்ததாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது.

தலைமறைவில் ஒரு செய்தியாளர்

ஃபெரெய்ரா 1580ஆம் ஆண்டளவில் போர்த்துக்கலில் பிறந்தார். 1596இல் இயேசு சபையில் சேர்ந்து, மக்காவில் படித்து, 1609இல் யப்பானை அடைந்தார். ஐந்து வருடங்களில் தடை வந்தது. பெரும்பாலான குருமார் கப்பலேற்றி அனுப்பப்பட, நாற்பதுக்கும் மேற்பட்டோர் நாட்டுக்குள்ளேயே ஒளிந்துகொண்டார்கள். அவர்களில் ஃபெரெய்ராவும் ஒருவர். பகலில் விசுவாசிகளின் வீடுகளில் பதுங்கி, இரவில் பாவசங்கீர்த்தனம் கேட்டு, பூசை வைத்து, வீட்டுக்கு வீடு மாறி வாழ்ந்த வாழ்க்கை அது. ஒரு குருவுக்கு இடம் கொடுத்த குடும்பம் முழுவதும் எரிக்கப்படலாம். 1622 செப்டெம்பரில் நாகசாக்கியில் ஒரே நாளில் 55 பேர் கொல்லப்பட்டபோது, குருமாருக்கு அடைக்கலம் கொடுத்தவர்களும் அவர்களது பெண்களும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

இந்த வாழ்க்கைக்கு நடுவில்தான் அவர் எழுதினார். யார் பிடிபட்டார், எப்படி வதைக்கப்பட்டார், என்ன பதில் சொன்னார் என்ற விபரங்களைத் திரட்டி மேலதிகாரிகளுக்கு அனுப்பினார். 1632 மார்ச்சில் அவர் எழுதிய கடிதம் ஒன்று புகழ்பெற்றது. உன்சென் மலையின் கொதிநீர் ஊற்றுகளுக்குக் கொண்டுபோகப்பட்ட குருமாரையும் இரண்டு பெண்களையும் பற்றியது அது. கொதிக்கும் நீரை உடம்பில் ஊற்றி, காயத்துக்கு மருந்து போட்டு, மீண்டும் ஊற்றினார்கள். ஒருவரும் மதத்தைக் கைவிடவில்லை. அந்த உறுதியைப் பெருமையோடு பதிவு செய்தவர், அடுத்த வருடம் தானே பிடிபட்டார்.

அதற்குள் அதிகாரிகள் ஒரு பாடம் கற்றிருந்தார்கள். பகிரங்கமாகக் கொன்றால் கூட்டம் கூடியது. இறந்தவரின் துணியையும் எலும்பையும் புனிதப் பொருளாக எடுத்துப் போனார்கள். ஒவ்வொரு மரணமும் பிரசாரமாக மாறியது. ஆகவே குருமாரைச் சாகவிடாமல் கைவிட வைப்பதே நோக்கமாயிற்று. குழி வதை அந்த நோக்கத்துக்காகவே உருவாக்கப்பட்டது.

அதே நாளில் குழிக்குள் இறக்கப்பட்டவர்களில் ஜூலியாவ் நக்கௌராவும் ஒருவர். 1582இல் சிறுவனாக யப்பானிலிருந்து புறப்பட்டு, ரோமுக்குப் போய்ப் பாப்பரசரைச் சந்தித்த நான்கு பேரில் ஒருவர். இப்போது அறுபது வயதைத் தாண்டிய முதியவர். அவர் மூன்று நாட்கள் தாங்கி, ஒக்டோபர் 21இல் உயிர்விட்டார். 2008இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. ஐந்து மணித்தியாலங்களில் வெளியே வந்தவருக்கோ அதன்பின் 17 வருட வாழ்க்கை இருந்தது.

சவானோ சூவான்

அரசு அவருக்குச் சவானோ சூவான் என்று புதுப்பெயர் வைத்தது. யப்பானியப் பெண் ஒருவர் மனைவியாக்கப்பட்டார். பிள்ளைகளும் பிறந்தார்கள். நாகசாக்கியிலேயே அரசின் கண்காணிப்பில் மொழிபெயர்ப்பாளராக வாழ்ந்தார். 1636இல் அவரது பெயரில் கிறிஸ்தவ மறுப்பு நூல் ஒன்று எழுதப்பட்டது. உலகின் படைப்பு முதல் பாப்பரசரின் அதிகாரம், திருவருட்சாதனங்கள் வரை ஒவ்வொன்றாக மறுக்கும் நூல் அது. அதே வருடம் இயேசு சபை அவரை நீக்கியது.

அவருடைய வேலையில் மிகக் கொடியது, பிடிபடும் குருமாருக்கு முன்னால் விசாரணை அதிகாரிகளின் பக்கத்தில் அமர்வது. அவரது வீழ்ச்சிக்குப் பரிகாரம் செய்யவென்றே சிலர் யப்பானுக்கு வந்தார்கள். 1637இல் வந்த மார்செல்லோ மாஸ்திரில்லி நாகசாக்கியில் கொல்லப்பட்டார். அதே வருட இறுதியில் ஷிமபாராவில் வரியாலும் பஞ்சத்தாலும் நொந்த விவசாயிகள் கிறிஸ்தவக் கொடிகளோடு கிளர்ந்தெழுந்து பல்லாயிரக்கணக்கில் அழிக்கப்பட்டார்கள். 1639இல் போர்த்துக்கேயருக்குக் கதவு முழுவதுமாக மூடப்பட்டது. அதன் பின்னரும் 1642இல் அந்தோனியோ ருபினோவின் குழு வந்தது. தென்னிந்தியாவில் பல வருடங்கள் பணியாற்றிய இத்தாலியர் அவர். ஃபெரெய்ராவே அங்கே மொழிபெயர்ப்பாளர். ருபினோவும் தோழர்களும் 1643 மார்ச்சில் குழி வதையில் இறந்தார்கள். சில மாதங்களில் யுசெப்பே கியாரா உட்பட பத்துப் பேர் வந்தார்கள். வதையின் முன் பத்துப் பேருமே கைவிட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஐரோப்பிய அறுவைச் சிகிச்சை முறைகளை யப்பானியருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஃபெரெய்ராவும் ஒருவர். கியாராவின் குழுவிடம் கைப்பற்றப்பட்ட வானியல் நூலொன்றை மொழிபெயர்க்கும் வேலை அவரிடமே கொடுக்கப்பட்டது. யப்பானிய மொழியை ரோமன் எழுத்தில் அவர் எழுதிவைக்க, பின்னர் முக்காய் கென்ஷோ என்ற அறிஞர் அதனை யப்பானிய எழுத்துக்கு மாற்றி விளக்கவுரை சேர்த்தார். பூமி உருண்டை என்ற ஐரோப்பிய வானியல் அந்நாட்டு அறிஞர்களுக்குப் போய்ச் சேர்ந்த வழிகளில் அதுவும் ஒன்று.

1650இல் அவர் நாகசாக்கியில் இறந்தார். கடைசியில் மனம் வருந்தி, மீண்டும் விசுவாசத்தை அறிக்கையிட்டு, குழியிலேயே மறைசாட்சியாக இறந்தார் என்று ஐரோப்பாவில் ஒரு கதை பரவியது. இதனை நான் நம்பவில்லை. உறுதிப்படுத்தும் ஆதாரம் எதுவும் இல்லை. வாசகர்கள் எதிர்பார்த்த முடிவை ஒரு செய்தி எப்படித் தானே தேடிக்கொள்கிறது என்பதற்கான உதாரணமாகவே அது எனக்குத் தெரிகிறது. உண்மையில் அவர் உள்ளுக்குள் என்ன நினைத்தார் என்பதைச் சொல்லும் ஒரு வரியைக்கூட அவர் விட்டுச் செல்லவில்லை. எழுதிப் பழகிய மனிதரின் அந்த அமைதியே என்னை அதிகம் உறுத்துகிறது.

மிதித்தவர்கள் காப்பாற்றியது

ஃபெரெய்ராவைத் துரோகி என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். நமது அரசியலிலும் அந்தச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் யப்பானியக் கிறிஸ்தவத்தின் பிற்காலக் கதை அந்தத் தீர்ப்பைக் குழப்பிவிடுகிறது.

நாகசாக்கிப் பகுதி மக்கள் வருடாவருடம் கிறிஸ்துவினதோ மரியாளினதோ உருவத்தை மிதித்துத் தாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர் என்று காட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு குடும்பமும் பௌத்த விகாரை ஒன்றில் பதிவாக வேண்டியிருந்தது. மறைவாக வாழ்ந்த கிறிஸ்தவர்கள் மிதித்தார்கள், பதிவும் செய்தார்கள். பின் வீட்டுக்குப் போய் மனஸ்தாப மன்றாட்டைச் சொன்னார்கள். குரு இல்லை, பூசை இல்லை. திருமுழுக்கும் திருநாட்காட்டியும் வாய்வழிச் செபங்களும் மட்டுமே மிஞ்சின.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. யப்பானில் மத அடையாளத்தை மறைத்துக்கொண்டு தெஜிமா தீவில் வியாபாரம் செய்த அதே ஒல்லாந்துக் கம்பனி, 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கத்தைத் தடை செய்தது. 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசவ் வாஸ் அடிகளாரைச் சில்லாலையில் காத்தவர்களும் ஒளிந்து வாழ்ந்த விசுவாசிகளே.

1865 மார்ச் 17இல் நாகசாக்கியின் ஒவுரா தேவாலயத்துக்கு உரக்காமிக் கிராமத்து மக்கள் சிலர் வந்து, தாங்களும் அதே விசுவாசம் உடையவர்கள் என்று பெர்னார் பெத்தித்ஜான் என்ற பிரெஞ்சுக் குருவிடம் தெரிவித்தார்கள். அதற்கும் தண்டனை கிடைத்தது. சுமார் 3,400 பேர் நாடு முழுவதும் சிதறடிக்கப்பட்டார்கள். 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1873இல்தான் தடைப் பலகைகள் அகற்றப்பட்டன.

இரண்டரை நூற்றாண்டு அந்த விசுவாசத்தைச் சுமந்து வந்தவர்கள் மறைசாட்சிகளின் வழிவந்தவர்கள் மட்டுமல்லர், உருவத்தை மிதித்தவர்களின் பிள்ளைகளும்தான். நக்கௌராவை வணங்குவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஐந்து மணித்தியாலங்கள் தலைகீழாகத் தொங்கிய ஒருவர் சொன்ன சொல்லை, அவருடைய சொல்லாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தச் சொல்லுக்குக் கணக்குக் கேட்க வேண்டியது குழியை வெட்டியவர்களிடம்.