மூன்று வாக்குகளில் வென்ற தலைவர்

அரசியல் கட்சிகளின் தலைமைப் பதவி இன்று பெரும்பாலும் அறிவிப்பால் வருகிறது, போட்டியால் வருவதில்லை. நெருக்கடியான காலத்தில் போட்டி வைத்தால் கட்சி பிளவுபட்டுவிடும் என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். பெருந்தலைவர் காமராஜரின் வாழ்க்கையை எண்ணிப் பார்த்தால், இக்காரணம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

1903 ஜூலை 15 அன்று விருதுநகரில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். படிப்பைப் பாதியில் விட்டுத் துணிக்கடையில் நின்றார். விடுதலைப் போராட்டமே அவருக்குக் கல்விக்கூடமாயிற்று. 1936-இல் தீரர் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸின் தலைவரானபோது, காமராஜர் செயலரானார்.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இந்தியரின் இசைவைக் கேளாமலே நாட்டைப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்து, காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னை மாகாணத்தில் ராஜாஜியும் அக்டோபரில் விலகினார். இனி ஆட்சி இல்லை, சிறைதான் காத்திருந்தது. ஆயினும் கட்சித் தேர்தலை யாரும் ஒத்திவைக்கவில்லை. அகில இந்தியத் தலைமைக்கு மௌலானா ஆசாத்தும் எம்.என். ராயும் போட்டியிட்டனர், ஆசாத் வென்றார்.

அதே 1940-இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைமைக்கும் போட்டி நடந்தது. ராஜாஜியின் ஆதரவைப் பெற்றவர் கோவை சி.பி. சுப்பையா, சத்தியமூர்த்தியின் ஆதரவைப் பெற்றவர் காமராஜர். எங்கள் அவிநாசி அன்று கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. எனவே தோற்றவர் எங்கள் மாவட்டத்துக்காரர். வித்தியாசம் மூன்றே வாக்குகள். அந்த முடிவைக் கட்சி ஏற்றுக்கொண்டது. முன்பு தலைவராயிருந்த சத்தியமூர்த்தி, தம் சீடருக்குக் கீழே செயலராகப் பணியாற்ற முன்வந்தார்.

தலைமை கொணர்ந்தது சுகமன்று. தனிநபர் சத்தியாகிரகம் செய்வோரின் பட்டியலுக்குக் காந்தியடிகளின் ஒப்புதல் பெற வார்தா நோக்கிப் புறப்பட்ட காமராஜரை, அவ்வாண்டு டிசம்பரில் குண்டூரில் கைது செய்து வேலூர்ச் சிறையில் அடைத்தனர். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் மீண்டும் சிறை, 1945-இல்தான் விடுதலை.

1954-இல் முதலமைச்சர் பதவிக்கான சட்டமன்றக் கட்சித் தேர்தலிலும் அவர் போட்டியைச் சந்தித்தார். எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியமும் கோவை மாவட்டத்தவரே. வென்ற காமராஜர் அவரைத் தம் அமைச்சரவையில் சேர்த்து, நிதியையும் கல்வியையும் ஒப்படைத்தார். போட்டியைப் பகையாகக் கருதாத இந்தப் பெருந்தன்மையே கட்சியைக் காத்தது என்பேன்.

1975 அக்டோபர் 2 அன்று அவர் மறைந்தார். அவர் பெயரைச் சொல்லாத கட்சி இன்று தமிழகத்தில் அரிது. சிலைக்கு மாலை அணிவிப்போர், தம் கட்சியில் உண்மையான வாக்குப்பெட்டி ஒன்றை வைக்கவும் துணியவேண்டும். போர்க்காலத்தில், அடக்குமுறைக்கு நடுவே இயன்ற ஒன்று, அமைதிக்காலத்தில் இயலாது என்பதை எவ்வாறு ஏற்பது?