சிதறியவர்களைப் பங்காளிகளாக்கிய துன் சம்பந்தன்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக்கு வியாபார நிமித்தம் செல்லும் நம் அன்பர்கள் துன் சம்பந்தன் சாலையைக் கடக்காமல் திரும்புவது அரிது. அந்தப் பெயருக்குரியவர் மலாயாவின் சுதந்திரத் தலைவர்களில் ஒருவர் என்பதை யாவரும் அறிவர். ஆனால் அடிபட்டு அஞ்சிக் கிடந்த தொழிலாளர் மனத்தில் நம்பிக்கையை ஊன்றிய அவரது பெரும்பணியை இளைய தலைமுறை மறந்துவருகிறது. ஆட்களை வைத்து வேலை வாங்கும் நம் போன்ற வணிகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

வீ. தி. சம்பந்தன் 1919-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தையார் வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து, உழைத்து, ரப்பர்த் தோட்டத்துக்கு உரிமையாளரானவர். மகன் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். செல்வர் வீட்டுப் பிள்ளையாகிய அவர், தம் வாழ்நாளைத் தோட்டத் தொழிலாளருக்கென ஒதுக்கினார். 1954-இல் சுங்கை சிப்புட்டில் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலை அவர் முயற்சியின் முதற்கனிகளில் ஒன்று. 1955-இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரானார். அதே ஆண்டில் தொழிலாளர் துறை அமைச்சர் பதவியும் வந்து சேர்ந்தது.

அவர் தலைமை ஏற்ற மக்கள் எந்நிலையில் இருந்தனர்? 1941-இல் நம் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு வேறொரு கோரிக்கையும் இருந்தது. தோட்டத்து அதிகாரிகளைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கியாக வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. அந்த எழுச்சி பட்டாளத்தைக் கொண்டு அடக்கப்பட்டது. பின்னர் ஜப்பானியர் ஆட்சியில் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. 1948-இல் அவசரகாலம் பிறந்தது. முள்வேலியும் சோதனையுமாகக் காலம் கழிந்தது. இத்தனைக்கும் பிறகு எவர் சொல்லையும் எளிதில் நம்பாதவராகத் தொழிலாளர் இருந்ததில் வியப்பென்ன?

இந்நிலையில் தோட்டத் துண்டாடல் என்னும் புதிய இடி விழுந்தது. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் நிலத்தைச் சிறு துண்டுகளாக்கி லாபத்துக்கு விற்றனர். தோட்டம் துண்டானதும் வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும், பள்ளியும், மருந்தகமும் போயின. பிறந்த இடத்திலேயே மக்கள் அந்நியராயினர். அவர்களுக்குக் கடனில் அரிசியும் பருப்பும் கொடுத்துவந்த சுற்றுவட்டார மளிகைக் கடைகளும் ஆட்டம் கண்டன.

அனுதாப வார்த்தைகளோடு நின்றுவிடாமல் சம்பந்தன் ஒரு வழி கண்டார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளரே கூடி வாங்கிவிட்டால் அதைத் துண்டாட யாரால் முடியும்? மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டிப் பங்கு சேரலாம் என்பது ஏற்பாடு. அந்நாளில் தொழிலாளியின் நாட்கூலி ஏறத்தாழ மூன்று வெள்ளி. ஆகவே பத்து வெள்ளி என்பது மூன்று நான்கு நாள் வியர்வை. பலமுறை ஏமாந்தவன் அதை எளிதில் தருவானா?

இதை உணர்ந்தே அவர் கோலாலம்பூரிலிருந்து சுற்றறிக்கை அனுப்புவதோடு நிற்கவில்லை. அமைச்சராய் இருந்துகொண்டே தோட்டம் தோட்டமாகச் சென்றார். அவர்கள் மொழியில் விளக்கினார். துணைவியார் உமாசுந்தரி அம்மையாரும் இப்பணியில் தோள் கொடுத்தார். 1961-இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. சொல்லால் வராத நம்பிக்கை அந்த நிலத்தைக் கண்டதும் வளர்ந்தது. அடுத்தடுத்துத் தோட்டங்கள் வாங்கப்பட்டன. நேற்றுவரை பெயர்ப்பட்டியலில் ஓர் எண்ணாக இருந்தவன் பங்குதாரன் ஆனான்.

எல்லாத் துன்பமும் இதனால் தீர்ந்துவிடவில்லை. விற்பனைக்கு வந்த தோட்டங்கள் அனைத்தையும் வாங்கச் சங்கத்துக்குச் சக்தி இல்லை. 1960-களில் ரப்பர் விலையும் சரிந்தது. 1969-க்குப் பின் வேலைப் பெர்மிட் கட்டாயமாயிற்று. குடியுரிமை இல்லாத பலர் தாயகம் திரும்பினர். ஆயினும் அவர் தளரவில்லை. 1973-இல் கட்சித் தலைமையை விட்டு விலகிய பின்னும் சங்கப் பணியைத் தொடர்ந்தார். மே 13 கலவரத்தால் புண்பட்ட இனங்களை ஒன்றுசேர்க்கும் ஒற்றுமைத் துறைப் பொறுப்பும் 1970-களில் அவரிடமே இருந்தது. தந்தை வைத்துச் சென்ற சொத்தில் பெரும்பகுதி பொதுவாழ்வில் கரைந்தது என்பர். 1979-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் நட்ட சங்கம் அவருக்குப் பின்னும் நிலைத்தது.

வணிக அன்பர்களே! பந்திங்கைச் சூழ்ந்த நிலங்களில் இன்று செம்பனை நிற்கிறது. நம் கடைகளில் தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கின்றனர். ஏஜெண்டிடம் கடன்பட்டு வந்தவனும் உண்டு. முந்திய முதலாளியிடம் சம்பளம் இழந்து வந்தவனும் உண்டு. அப்படிப்பட்டவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றால் திமிர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது பழைய அடியின் பயமாகவும் இருக்கலாம். அவன் கதையைத் துருவிக் கேட்க வேண்டியதில்லை. சொன்ன தேதியில் சம்பளம் கொடுப்போம். பிடித்தம் இருந்தால் கணக்கைக் காட்டுவோம். பாஸ்போர்ட்டை அவனிடமே விடுவோம். பெயர் சொல்லி அழைப்போம். கடை வளர்ந்தால் அவனுக்கும் ஒரு பங்கு உண்டென்று செய்து காட்டுவோம். பத்து வெள்ளி கேட்பதற்கு முன் தோட்டத்து மண்ணில் போய் நின்றாரே சம்பந்தன், அதுபோல் முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியவர் முதலாளியே.